சீனா போக 1.07 லட்சம் போதும்; ஆனா அங்கே போய் பணம் கொடுக்க முடியுமா?



போன வருஷம் ஏப்ரல். பெய்ஜிங்கில் எனக்கு முதல் ராத்திரி. மணி ஒன்பதரை இருக்கும். ஹோட்டலுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு சின்ன நூடுல்ஸ் கடை. சாப்பிட்டு முடிச்சாச்சு, பில் 22 யுவான். நம்ம கணக்குக்கு 290 ரூபாய்கூட இல்லை. பர்ஸில் இரண்டு கிரெடிட் கார்டு, அக்கவுண்டில் தேவைக்கு மேலேயே பணம், ஃபோனில் அலிபே. முதல் கார்டு டிக்ளைன். இரண்டாவது கார்டும் டிக்ளைன். சரின்னு 100 யுவான் நோட்டை நீட்டினேன். கடைக்கார அம்மா கல்லாவை இழுத்துக் காட்டினார். உள்ளே சில்லறையே இல்லை. அந்த ஊரில் யாரும் நோட்டு கொடுப்பதில்லை, அதனால் சில்லறையும் சேர்வதில்லை.

பக்கத்து மேசையில் இருந்த ஒரு காலேஜ் பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து வந்து, சுவரில் ஒட்டியிருந்த கியூஆர் கோடை ஸ்கேன் செய்து என் பில்லைக் கட்டிவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார். 100 யுவான் நோட்டை வாங்கவே மாட்டேன் என்றுவிட்டார். பையில் இருந்த கடலைமிட்டாய் பாக்கெட்டைக் கொடுத்தேன், அதை மட்டும் வாங்கிக்கொண்டார். பத்து வருஷமா மத்தவங்க கணக்கைப் பார்க்கிற ஆடிட்டர் நான். அன்னைக்கு 22 யுவானுக்கு ஒரு ஸ்டூடண்ட்கிட்ட கடன்காரன்.

அதனால் இந்தக் கட்டுரையில் "பார்க்க வேண்டிய டாப் 10 இடங்கள்" கிடையாது. அதுக்கு வீடியோ ஆயிரம் இருக்கு. ஒரு வார லீவு, சம்பளத்தில் சேர்த்த பணம், முதல் முறை சீனா. இதை எப்படித் திட்டம் போடுவது என்பதுதான் விஷயம். சீனாவில் செலவு பெரிய பிரச்சினை இல்லை. இருக்கிற பணத்தைக் கொடுக்க முடிகிறதா என்பதுதான் பிரச்சினை.

கார்டு ஏன் டிக்ளைன் ஆச்சு?

முதலில் இதை முடிச்சிடுவோம், ஏன்னா பயணத்தையே கெடுக்கக்கூடியது இதுதான்.

ரிசர்வ் வங்கி 2020-ல் ஒரு விதி கொண்டுவந்தது. புதிதாகக் கொடுக்கும் கார்டுகள் இந்தியாவுக்குள் ஏடிஎம்மிலும் கடை மெஷினிலும் மட்டும்தான் வேலை செய்யும். வெளிநாட்டுப் பயன்பாடு, ஆன்லைன் பயன்பாடு இரண்டையும் நாம்தான் ஆன் செய்துகொள்ள வேண்டும். பேங்க் ஆப்பில் இதற்குத் தனித்தனி பட்டன் இருக்கும்: வெளிநாட்டுக் கடை மெஷின், வெளிநாட்டு ஏடிஎம், வெளிநாட்டு ஆன்லைன். நான் முதல் இரண்டை ஆன் செய்துவிட்டு, "கடையில்தானே செலவு பண்ணப்போறோம்" என்று மூன்றாவதை விட்டுவிட்டேன். அலிபேயில் சேர்த்த கார்டு, நாம் கடைக்குள்ளேயே நின்றாலும், பேங்க் கண்ணுக்கு ஆன்லைன் பரிவர்த்தனை. அதனால் டிக்ளைன்.

சரி, ஆப்பைத் திறந்து ஆன் பண்ணிட வேண்டியதுதானே? அங்கேதான் இரண்டாவது அடி. ஒரு கார்டின் ஆப் திடீரென்று "உங்கள் சிம்மைச் சரிபார்க்கிறோம்" என்று என் ஃபோனிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் அனுப்பப் பார்த்தது. நான் டேட்டாவுக்கு ஒரு இ-சிம் வாங்கியிருந்தேன். இந்திய நம்பருக்கு ரோமிங் பேக் போடவில்லை. ஓடிபி உள்ளே வரும், ஆனால் என் ஃபோனிலிருந்து எஸ்எம்எஸ் வெளியே போகாது. இன்னொரு கார்டின் ஆப் பாஸ்வேர்டு மறந்துபோச்சு, அதுக்குக் காரணம் நான்தான். மறுநாள் காலை தம்பி சென்னையிலிருந்து என் நம்பருக்கு ரோமிங் பேக் போட்ட பிறகுதான் எல்லாம் உயிர் பெற்றது.

ஆக, கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் உட்கார்ந்து இதைச் செய்யுங்கள். வெவ்வேறு பேங்குகளின் இரண்டு கார்டுகள் எடுத்துக்கொள்ளுங்கள். விசா அல்லது மாஸ்டர்கார்டாக இருக்கட்டும். இரண்டிலும் மேலே சொன்ன மூன்று பட்டன்களையும் ஆன் செய்து, லிமிட்டை உங்கள் பட்ஜெட் அளவுக்கு வையுங்கள். திரும்பி வந்ததும் ஆஃப் செய்யுங்கள். இந்திய நம்பருக்கு இருப்பதிலேயே சின்ன ரோமிங் பேக் ஒன்றாவது போடுங்கள். யுபிஐ-யை நம்பிக் கிளம்பாதீர்கள்.

அலிபே, வீசாட் பே இரண்டுமே 2023-லிருந்து வெளிநாட்டு கார்டுகளை ஏற்கின்றன. பாஸ்போர்ட் விவரம் கொடுத்துப் பதிவு செய்ய வேண்டும். 200 யுவான் வரையிலான ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் அவர்கள் கட்டணம் கிடையாது. அதற்கு மேல் போனால் 3 சதவீதம். சாப்பாடு, மெட்ரோ, டாக்ஸி எல்லாம் 200-க்குள் அடங்கிவிடும். ஹோட்டல் பில் மாதிரிப் பெரிய தொகையை முன்கூட்டியே ஆன்லைனில் கட்டிவிடுங்கள், இல்லையென்றால் கவுண்டரில் கார்டையே கொடுங்கள்.

ஒரு சின்னச் சிக்கல். 2020-ல் நம் அரசு தடை செய்த சீன ஆப்களில் வீசாட்டும் ஒன்று. அதனால் எல்லாவற்றையும் வீட்டிலேயே செட் பண்ணிவிட்டுக் கிளம்பலாம் என்று எண்ண வேண்டாம். குறுக்கு வழியும் வேண்டாம். நடுவில் விமானம் மாறும் ஊரிலோ, இறங்கிய பிறகோ செய்துகொள்ளலாம். அந்த இடைவெளிக்குத்தான் ரொக்கம். 1,000 யுவான் சென்னையிலேயே மாற்றிக்கொண்டு போங்கள். அதில் பாதி 10, 20 யுவான் நோட்டுகளாகக் கேளுங்கள். மணி சேஞ்சர் முகம் சுளிப்பார், பரவாயில்லை. ரொக்கத்தை மறுக்கக் கூடாது என்று சீனாவில் விதி இருக்கிறது. ஆனால் விதியால் கல்லாவில் சில்லறை முளைக்காது, நான் பார்த்துட்டேன்.

மார்க்கப் பயம் தேவையா?

சேனலில் அடிக்கடி வரும் கேள்வி: "ஜீரோ மார்க்கப் கார்டு வாங்கணுமா?" கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். சாதாரண கிரெடிட் கார்டில் வெளிநாட்டுச் செலவுக்கு அதிகபட்சம் 3.5 சதவீத மார்க்கப், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. மொத்தம் 4.13 சதவீதம். கீழே நான் சொல்லப்போகும் பட்ஜெட்டில் சீனாவுக்குள் ஆகும் செலவு சுமார் 46,000 ரூபாய். அதில் 4.13 சதவீதம் என்றால் 1,900 ரூபாய். உங்களிடம் ஏற்கெனவே மார்க்கப் குறைந்த கார்டு இருந்தால் சந்தோஷம். 1,900 ரூபாயை மிச்சம் பிடிக்க வருடக் கட்டணம் கட்டிப் புதுக் கார்டு வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஃபாரெக்ஸ் கார்டு? பெரும்பாலான மல்டி கரன்சி கார்டுகளில் யுவான் இருக்காது. டாலர் ஏற்றிக்கொண்டு போனால் ரூபாய் டாலராகி, டாலர் யுவானாகி, இரண்டு இடத்தில் வெட்டு விழும். சீனாவுக்கு மட்டும் போகிறீர்கள் என்றால் தேவையில்லை என்பது என் கருத்து.

ஏடிஎம்மில் பணம் எடுக்கும்போது "உங்கள் ரூபாயிலேயே கணக்கிடட்டுமா" என்று மெஷின் அன்பாகக் கேட்டால், வேண்டாம் சொல்லி யுவானையே தேர்ந்தெடுங்கள். அந்த அன்புக்குத் தனி ரேட் உண்டு.

விசா: யூடியூப் பார்த்து ஏமாறாதீர்கள்

"சீனாவுக்கு விசாவே வேண்டாம், 240 மணி நேரம் சும்மா சுத்தலாம்" என்று வெளிநாட்டவர் போடும் வீடியோக்கள் நிறைய. அந்த 240 மணி நேர டிரான்சிட் சலுகைக்குத் தகுதியான நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை. 30 நாள் விசா இல்லா நுழைவிலும் இந்தியா இல்லை. அந்த வீடியோ போட்டவரின் பாஸ்போர்ட் வேறு, நம்ம பாஸ்போர்ட் வேறு. நமக்கு சுற்றுலா விசா வேண்டும். சென்னையில் சீனத் தூதரக அலுவலகம் இல்லை, அதனால் விண்ணப்பத்துக்கு நேரம் கூடுதலாக ஒதுக்குங்கள். டிக்கெட் கேன்சல் விதிகளைப் பார்த்துவிட்டுத்தான் விசாவுக்கு முன் எதையும் புக் செய்ய வேண்டும்.

பேங்க் ஸ்டேட்மென்ட், சம்பள ஸ்லிப், ஆபீஸ் லீவ் லெட்டர், பயணத் திட்டம், ஹோட்டல் புக்கிங் எல்லாம் ஒன்றோடு ஒன்று ஒத்துப்போக வேண்டும். இங்கே ஒரு தப்பு நடக்கிறது. அக்கவுண்டில் 12,000 ரூபாய் இருக்கும் பையன், விண்ணப்பத்துக்கு நாலு நாள் முன்னால் நண்பனிடம் ஒன்றரை லட்சம் வாங்கிப் போட்டு பேலன்ஸ் காட்டுவான். ஸ்டேட்மென்ட் படிக்கத் தெரிந்தவருக்கு அது ஒரே பார்வையில் தெரியும். மாதாமாதம் ஒரே தேதியில் சேர்ந்த 11,000 ரூபாய் அதைவிட நம்பகமாகத் தெரியும்.

இன்னொன்று, ஹாங்காங். "ஷாங்காய்லேருந்து ரெண்டு நாள் ஹாங்காங் போயிட்டு வரலாம்" என்று சேர்ப்பவர்கள் உண்டு. ஹாங்காங் போனால் மெயின்லேண்டை விட்டு வெளியேறியதாகத்தான் கணக்கு. சிங்கிள் என்ட்ரி விசா அதோடு முடிந்தது. திரும்ப உள்ளே வர டபுள் என்ட்ரி வேண்டும். ஹாங்காங்குக்குள் நுழைய இந்தியர்கள் தனியாக ஆன்லைனில் முன்பதிவும் செய்ய வேண்டும். முதல் பயணத்தில் இந்தத் தலைவலி வேண்டாம்.

அரைவல் கார்டை 2025 நவம்பரிலிருந்து ஆன்லைனிலேயே நிரப்பலாம். அதிகாரப்பூர்வ தளத்தில் இலவசம். காசு கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் மூடிவிடுங்கள்.

எப்போது போகலாம்?

நமக்கு லீவு கிடைக்கும் நாளும் அவர்களுக்கு லீவு இருக்கும் நாளும் மோதும் இடம் அக்டோபர் முதல் வாரம். அக்டோபர் 1 அவர்களின் தேசிய நாள், அதை ஒட்டி ஒரு வாரம் நாடே விடுமுறை. 2025-ல் நம் ஆயுத பூஜை சரியாக அக்டோபர் 1-ல் விழுந்தது. ஆபீஸில் லீவு சேர்த்துக்கொண்டு கிளம்பினால் பெருஞ்சுவரில் கல் தெரியாது, தலைகள்தான் தெரியும். ரயில் டிக்கெட் கிடைக்காது, ஹோட்டல் விலை எகிறிவிடும். சீனப் புத்தாண்டு வாரமும் மே முதல் வாரமும் அப்படித்தான். பொங்கல் லீவில் போகலாம் என்றால் பெய்ஜிங்கில் பூஜ்யத்துக்குக் கீழே குளிர். ஜாக்கெட், ஷூ என்று தனி பட்ஜெட் வேண்டும். ஏப்ரல் நடுவிலிருந்து மாத இறுதி வரை, அல்லது அக்டோபர் இரண்டாம் பாதி. நான் சொல்வது இந்த இரண்டைத்தான்.

எத்தனை ஊர்? இங்கேதான் சண்டை

8 நாள் பயணத்துக்கு நண்பர்கள் போடும் முதல் லிஸ்டில் பெய்ஜிங், சியான், ஷாங்காய், செங்டு, சோங்சிங் ஐந்தும் இருக்கும். சோங்சிங்கில் ரயில் அபார்ட்மென்ட்டுக்குள் புகுந்து போகும் ரீல்ஸ் பார்த்திருப்பார்கள், அதான்.

ஒரு ஆடிட்டர் கணக்கு சொல்றேன். மொத்தச் செலவு 1.07 லட்சம், நாள் 8. ஒரு நாளின் விலை 13,400 ரூபாய். ஊர் மாறுவது என்றால் ரூம் காலி செய்து, மெட்ரோ பிடித்து, ஸ்டேஷனில் பாதுகாப்புச் சோதனை, நாலைந்து மணி நேர ரயில், மறுபடி மெட்ரோ, மறுபடி செக்-இன். கிட்டத்தட்ட ஒரு நாள் போச்சு. அதாவது லிஸ்டில் சேர்க்கும் ஒவ்வொரு ஊருக்கும் ரயில் டிக்கெட்டோடு 13,400 ரூபாயும் சேர்த்துக் கொடுக்கிறீர்கள். அது எந்தப் பில்லிலும் வராது, அதனால்தான் யாரும் பார்ப்பதில்லை.

8 நாளுக்கு இரண்டு ஊர் போதும். பெய்ஜிங் நாலு ராத்திரி, ஷாங்காய் மூணு ராத்திரி. 10, 11 நாள் கிடைத்தால் நடுவில் சியான் சேர்க்கலாம். பெய்ஜிங்கிலிருந்து வேகமான ரயிலில் சுமார் நாலரை மணி நேரம். 1974-ல் கிணறு வெட்டிய விவசாயிகள் கண்டெடுத்த சுடுமண் படைவீரர்கள் அங்கேதான். பழைய நகரின் கோட்டைச் சுவர் 13 கிலோமீட்டருக்கு மேல்; அதன் மேலே சைக்கிள் வாடகைக்கு எடுத்து ஓட்டலாம். ஆசையாகத்தான் இருக்கும், தெரியும். 8 நாளில் திணிக்காதீர்கள்.

விமானத்தை பெய்ஜிங்குக்குள் போய் ஷாங்காயிலிருந்து திரும்புகிற மாதிரி ஒரே டிக்கெட்டாக எடுங்கள். போன ஊருக்கே திரும்பி வருவதில் ஒரு ரயில் டிக்கெட்டும் முக்கால் நாளும் வீண். இந்தியா–சீனா நேரடி விமானங்கள் 2025 அக்டோபரில் கொல்கத்தா–குவாங்சோவில் மறுபடி தொடங்கி, டெல்லியிலிருந்தும் வந்துவிட்டன. சென்னைவாசிகளுக்கு இன்னமும் சிங்கப்பூர், கோலாலம்பூர், பாங்காக், ஹாங்காங் வழிதான் வசதி. இரண்டு தனித் டிக்கெட்டாக எடுத்து 4,000 ரூபாய் மிச்சம் பிடிக்கும் வேலை வேண்டாம். முதல் விமானம் லேட்டானால் இரண்டாவது டிக்கெட்டுக்கு யாரும் பொறுப்பில்லை.

பெய்ஜிங்கில் பணத்தைவிட தேதி முக்கியம்

ஃபர்பிடன் சிட்டி எனும் பழைய அரண்மனைக்கு டிக்கெட் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை 60 யுவான், குளிர்காலத்தில் 40. விலை பெரிய விஷயமே இல்லை, கிடைப்பதுதான் விஷயம். ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று வரம்பு உண்டு, பாஸ்போர்ட் எண்ணோடு 7 நாள் முன்னதாகத் திறக்கும் முன்பதிவு, திங்கட்கிழமை பொதுவாக விடுமுறை. என்னோடு வந்த நண்பன் இதைக் கவனிக்காமல் எங்கள் திட்டத்தில் திங்கட்கிழமைக்குப் போட்டிருந்தான். நல்லவேளை, கிளம்பும் முன்பே கண்ணில் பட்டது. எதிரே உள்ள தியானன்மென் சதுக்கத்துக்கும் தனியாக முன்பதிவு வேண்டும். அரண்மனையின் வடக்கு வாசல் வழியாக வெளியே வந்ததும் எதிரில் ஜிங்ஷான் பூங்காக் குன்று. 2 யுவான் கொடுத்து ஏறினால் அரண்மனையின் மஞ்சள் கூரைகள் மொத்தமும் கீழே விரிந்து கிடக்கும். நான் கொடுத்ததிலேயே நியாயமான 2 யுவான் அது.

பெருஞ்சுவருக்கு பாதாலிங், முத்தியான்யு இரண்டில் ஒன்று. பாதாலிங்குக்கு வேக ரயிலே போகிறது, கூட்டமும் அதற்கேற்ற மாதிரி. முத்தியான்யு நகரிலிருந்து 70 கிலோமீட்டர் அளவு தூரம், பஸ்ஸிலோ ஷேர் காரிலோ போக வேண்டும். மூச்சு விட இடம் இருக்கும். வார நாளில், காலையிலேயே போங்கள்.

பெய்ஜிங்–ஷாங்காய் 1,318 கிலோமீட்டர். வேகமான ரயில்கள் நாலரை மணி நேரத்துக்குள் கொண்டுபோய் விடுகின்றன, இரண்டாம் வகுப்பு சுமார் 600 யுவான். டிக்கெட் 15 நாள் முன்னதாகத் திறக்கும். 12306 என்ற அரசு ரயில்வே தளத்தில் ஆங்கிலம் உண்டு. வெளிநாட்டவருக்கு பாஸ்போர்ட்தான் டிக்கெட். தானியங்கி கேட் படிக்கவில்லையென்றால் ஓரத்தில் இருக்கும் ஆள் நிற்கும் வழியில் போங்கள். கத்தரிக்கோல், பாடி ஸ்ப்ரே மாதிரி சாமான்களை ஸ்டேஷன் சோதனையில் எடுத்து வைத்துவிடுவார்கள். விமானத்தைவிட ரயில் நல்லது என்பதற்கு இன்னொரு காரணம்: 2025 ஜூன் இறுதியிலிருந்து சீன உள்நாட்டு விமானங்களில் அவர்கள் நாட்டு 3சி முத்திரை இல்லாத பவர் பேங்க் கொண்டுபோக முடியாது. நம் ஊரில் வாங்கியதில் பெரும்பாலும் அது இருக்காது.

ஷாங்காயில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, நடங்கள். ஆற்றங்கரையில் பண்ட் பகுதி, எதிர்க்கரையில் வானுயர்ந்த கட்டடங்கள், எல்லாம் இலவசம். டூரிஸ்ட் படகுக்குப் பதில் ஹுவாங்பு ஆற்றைக் கடக்கும் சாதாரண ஃபெர்ரிக்கு 2 யுவான்தான், அதே காட்சிதான். 632 மீட்டர் ஷாங்காய் டவரில் ஏறுவது உங்கள் இஷ்டம். மேகமூட்டமான நாளில் வேண்டாம். ஒரு விஷயத்தில் மட்டும் உஷார். நான்ஜிங் சாலைப் பக்கம் நல்ல ஆங்கிலம் பேசும் இளைஞர்கள் தானாக வந்து பழகி, "பக்கத்துல டீ செரிமனி நடக்குது, வாங்க" என்பார்கள். டீ நன்றாகத்தான் இருக்கும். பில் ஆயிரக்கணக்கான யுவானில் வரும்.

சாப்பாட்டுக்கு இரண்டு வார்த்தை. சைவம் என்றால் "வோ ச்சீ சூ", அதாவது நான் சைவம். பன்றி இறைச்சி வேண்டாம் என்றால் "ச்சிங்ஜென்" என்று கேளுங்கள், அது ஹலால் கடை. லான்சோ நூடுல்ஸ் கடைகள் பெரும்பாலும் அப்படித்தான், எல்லா ஊரிலும் இருக்கும்.

கூகுள், வாட்ஸ்அப், இன்ஸ்டா எதுவும் ஹோட்டல் வைஃபையில் திறக்காது. இந்திய ரோமிங்கிலோ வெளிநாட்டு இ-சிம்மிலோ பொதுவாகத் திறக்கும். ஹோட்டல் முகவரியைச் சீன எழுத்தில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ஜிமெயிலில் இருக்கும் புக்கிங் அவசரத்துக்கு உதவாது.

பட்ஜெட்

இரண்டு பேர் ரூம் பகிர்ந்துகொள்வதாக வைத்து, ஒருவருக்கு. ஒரு யுவான் 13 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். விமானம் 42,000. விசா, அதன் சர்வீஸ் சார்ஜ், போக்குவரத்து, இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்த்து 8,000. இ-சிம்மும் ரோமிங்கும் 1,500. இனி யுவானில்: ரூம் வாடகையில் உங்கள் பங்கு நாளுக்கு 180 வீதம் ஏழு ராத்திரிக்கு 1,260, ரயில் 600, சாப்பாடு நாளுக்கு 120 வீதம் 960, மெட்ரோ, டாக்ஸிக்கு 320, நுழைவுக் கட்டணமும் பெருஞ்சுவர் போய்வருவதும் 400. மொத்தம் 3,540 யுவான், அதாவது 46,020 ரூபாய். எல்லாம் கூட்டினால் 97,520. அதன் மேல் 10 சதவீதம் கைக்காப்பு. ஆக 1.07 லட்சம். ஷாப்பிங் இதில் இல்லை.

பத்து மாதம், மாதம் 11,000 ரூபாய் ஆர்டி போட்டால் 1.1 லட்சம் வந்துவிடும். "இப்பவே போகணும், டிராவல் லோன் எடுத்தா என்ன?" 1.1 லட்சத்துக்கு 14 சதவீதத்தில் இரண்டு வருஷக் கடன் என்றால் இஎம்ஐ சுமார் 5,280, வட்டி மட்டும் 16,750 ரூபாய், புராசசிங் ஃபீஸ் தனி. அந்த வட்டியில் பெய்ஜிங், ஷாங்காய் இரண்டு ஊரிலும் ஏழு ராத்திரி தங்கும் செலவு வந்துவிடுகிறது. எமர்ஜென்சி ஃபண்டில் கை வைத்துப் போவதும் வேண்டாம். அதை நான் சொல்லாத வீடியோவே இல்லை.

வரி விஷயம்

டூர் பேக்கேஜ் வாங்கினால் டிசிஎஸ் பிடிப்பார்கள். 2025-26-ல் 10 லட்சம் வரை 5 சதவீதம். 2026 பட்ஜெட் அதை 2026 ஏப்ரல் 1 முதல் 2 சதவீதமாகக் குறைத்தது. 1.2 லட்ச பேக்கேஜுக்கு 6,000 போய், இப்போது 2,400. இது கூடுதல் செலவு இல்லை, முன்கூட்டியே கட்டிய வரி. ரிட்டர்னில் கழித்துக்கொள்ளலாம். ரீஃபண்டுக்குக் காத்திருக்கவும் வேண்டாம்: 2024 அக்டோபரிலிருந்து சம்பளக்காரர்கள் இந்த டிசிஎஸ்ஸை ஆபீஸில் தெரிவித்து, மாதச் சம்பளத்தில் பிடிக்கும் டிடிஎஸ்ஸைக் குறைத்துக்கொள்ளலாம். பழைய சட்டத்தில் இதற்குப் படிவம் 12பிஏஏ. புது வருமான வரிச் சட்டத்தில் படிவ எண்கள் மாறுகின்றன, அதனால் ஹெச்ஆரிடம் "டிசிஎஸ் டிக்ளரேஷன்" என்றே கேளுங்கள். விமான டிக்கெட்டை மட்டும் தனியாக வாங்கினால் அது பேக்கேஜ் ஆகாது, டிசிஎஸ் கிடையாது. வெளிநாட்டில் கிரெடிட் கார்டில் செலவு செய்வதற்கும் இப்போதைக்கு இல்லை.

வெளிநாட்டுப் பயணத்துக்கு வருஷத்தில் 2 லட்சத்துக்கு மேல் செலவு செய்தால், வருமானம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் ரிட்டர்ன் தாக்கல் செய்வது கட்டாயம். உங்களுக்காக மட்டுமல்ல, மற்றவருக்காகச் செய்த செலவும் சேரும். மனைவி டிக்கெட்டையும் நீங்களே போட்டால், மேலே சொன்ன பட்ஜெட்படி 2.14 லட்சம், வரம்பைத் தாண்டியாச்சு. "எனக்கு வரியே வராது, எதுக்கு ஃபைலிங்" என்று விட்டுவிடாதீர்கள்.

அப்புறம் எல்டிஏ. சீனா டிக்கெட்டை ஆபீஸில் கொடுத்து எல்டிஏ கிளைம் பண்ணலாமா? முடியாது. அந்த விலக்கு இந்தியாவுக்குள் பயணத்துக்கு மட்டும், அதுவும் பழைய வரி முறையில் மட்டும். நடுவில் ஒரு இந்திய ஊரைத் தொட்டுப் போனாலும் முடியாது. ஸ்டேட் பேங்க் ஊழியர்கள் வழக்கில் இதே கேள்விதான். டெல்லியிலிருந்து மதுரை வந்து, அங்கிருந்து கொழும்பு, கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று சுற்றிவிட்டுத் திரும்பிய பயணம். மதுரை இந்தியாவில்தானே இருக்கு என்று வாதம். 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.

ஷாப்பிங்குக்கு வந்தால், வரி திருப்பித் தரும் கடைகளில் ஒரே நாளில் ஒரே கடையில் 200 யுவானுக்கு மேல் வாங்கினால் கிளம்பும்போது ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். 2025 ஏப்ரல் வரை இது 500 யுவான். படிவத்தைக் கடையிலேயே வாங்கிக்கொண்டு, ஏர்போர்ட்டில் சாமானை லக்கேஜில் போடுவதற்கு முன் கஸ்டம்ஸில் காட்ட வேண்டும். ட்ரோன் மட்டும் வாங்காதீர்கள். அங்கே விலை குறைவுதான். ஆனால் 2022 பிப்ரவரியிலிருந்து இந்தியாவுக்குள் ட்ரோன் இறக்குமதிக்குத் தடை. சென்னை ஏர்போர்ட்டில் பறிமுதல் ஆனால் எந்த ரீஃபண்டும் இல்லை.

பட்ஜெட் ஷீட்டை வீடியோவுக்குக் கீழே போட்டிருக்கேன். யுவான் ரேட், ஆள் எண்ணிக்கை, நாள் மூன்றையும் மாற்றினால் மீதியை அதுவே போட்டுக்கொள்ளும். கடைசி வரியில் "வெளிநாட்டு ஆன்லைன் ஆன் செய்தாச்சா?" என்று ஒரு கட்டம் இருக்கும். அதை டிக் பண்ணாம ஏர்போர்ட்டுக்கு ஆட்டோ பிடிக்காதீங்க.